நீலத்தில் இழுத்த ஆறு

அக்கா வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். வாங்கி நேராக்கிக் கொடுத்தேன்.

"எம்புள்ள போன இடம் இதுல எங்கன இருக்கு, தம்பி?"

அவளுடைய மூத்த மகன் சிவசைலம் செர்மன் சண்டையில் பட்டாளத்துக்குச் சாலை போடப் பாரசீக மலைக்குப் போனவன். இறந்துவிட்டான் என்று போன வாரம் இங்கிலீஷில் கடிதம் வந்தது. லீவில் பாளையங்கோட்டை வந்திருந்த நான்தான் படித்துச் சொன்னேன். காய்ச்சல் என்று சொன்னேன்.

அவன் இறந்த இடத்தில் விரலை வைத்தேன். சுற்றிலும் மொட்டை மலை, மணல். அத்தனையும் சர்வே ஆபீசில் உட்கார்ந்து நான் மையில் வரைந்தது. ஊரில் காட்டிப் பீற்றிக்கொள்ளத்தான் இந்தப் பிரதியைக் கொண்டுவந்திருந்தேன்.

"பக்கத்துல நீலமா இருக்கே?"

"ஆறு," என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

அங்கே ஆறு கிடையாது. மழை பெய்தால் ஒரு நாள் ஓடும் ஓடைதான். அதைக் கறுப்பில் விட்டு விட்டுப் புள்ளிக்கோடாக இழுத்திருக்க வேண்டும். நீலம் வற்றாத ஆற்றுக்கு. தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவனுக்கு, இரண்டு மலைக்கு நடுவே தண்ணீர் இல்லாமல் இருக்கும் என்று தோன்றவே இல்லை. கை தானாக நீல மையைத் தொட்டது. சரிபார்க்க வேண்டியவர்களும் கவனிக்கவில்லை. அச்சாகிப் பட்டாளத்துக்கும் போய்விட்டது.

தண்ணீர் தேடிப் போன பதினொரு பேர் தாகத்தில் இறந்தார்கள் என்றுதான் கடிதத்தில் இருந்தது.

அதைப் படித்ததிலிருந்து, குடிக்கச் செம்பை எடுத்தால் சிவசைலம் பக்கத்தில் வந்து நிற்கிறான். ஒன்றும் கேட்பதில்லை. செம்பையே பார்க்கிறான். நான் குடிக்காமல் வைத்துவிடுகிறேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆத்தங்கரையிலதான் போயிருக்கான். அது போதும். சின்னவனுக்கு ஒரு கடுதாசி எழுது. அந்த ஆத்துல முங்கி, அண்ணனுக்கு எள்ளும் தண்ணியும் விடச் சொல்லு."

சின்னவன் தாணுமாலையனும் அதே மலையில்தான் இருக்கிறான், வேறொரு முகாமில்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் மூத்தவனைக் கொன்றவன் யார் என்பதையும் சொல்ல வேண்டும். நான் பயந்தாங்கொள்ளி.

"சின்னவன் இருக்க எடத்துலேர்ந்து அந்த ஆத்துக்கு எத்தன மைலு வரும்?"

அளவுகோலை வைத்துப் பார்த்தேன்.

"பதினாலு," என்றேன்.