விழுப்புரம் தாண்டட்டும்

"டேய் சவுரி! பெட்டிய உள்ள வெச்சிட்டு அந்தக் கதவாண்ட கீழ உக்காரு. பலகையில ஏறிக் குந்திக்கினு இருக்காத!"

திண்டிவனம் ஸ்டேஷனில் சக்கரபாணி போட்ட சத்தம் இஞ்சின் வரைக்கும் கேட்டிருக்கும். சவுரிராயன் டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். இத்தனைக்கும் அவர் மடியில் இருந்ததும் அதே மூன்றாம் வகுப்பு டிக்கெட்தான்.

சக்கரபாணியோடு அவருடைய பங்காளி சுப்பராயலுவும் ஏறியிருந்தார். அவருக்கு விழுப்புரம் கோர்ட்டில் வேலை.

"இவன் எறங்குற வரைக்கும் பொறுத்துக்க," என்று சக்கரபாணி குனிந்து சவுரிராயன் காதில் மட்டும் சொன்னார். "விழுப்புரம் தாண்டட்டும்."

பொறுத்துக்கொள்வது சவுரிராயனுக்குப் புதிதா என்ன? ஆறு வருஷமாக அதுதானே பிழைப்பு. ஊரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பினாங்கிலிருந்து அவரும் சக்கரபாணியும் ஒன்றாக வந்தார்கள். யுத்தம் வந்து கப்பலை நிறுத்திவிட்டது. இப்போதுதான் மறுபடி வழி திறந்து, கப்பலேறப் போகிறார்கள்.

பினாங்கு! நினைத்தாலே அலுத்த உடம்பு கொஞ்சம் நிமிர்ந்தது. அந்தத் தீவில் பன்னிரண்டு வருஷம் இருவரும் ஒரே துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், ஒரே அறையில் படுத்தார்கள், ஒரே பானையில் சாப்பிட்டார்கள். நீ எந்தத் தெரு என்று அங்கே ஒருத்தரும் கேட்டதில்லை. சக்கரபாணி இவரை "அண்ணே" என்பார், இவர் "தம்பி" என்பார். ஊர் எல்லையை மிதித்த அன்றைக்கே தம்பி "ஆண்டே" ஆகிவிட்டார், அண்ணன் "டேய்" ஆகிவிட்டார்.

ஐம்பத்தைந்து வயசுக்கு மேல் மூட்டை தூக்கவா சவுரிராயன் கடல் தாண்டுகிறார்? அந்தத் தம்பி அங்கே மறுபடி கிடைப்பான் என்ற ஒரே நம்பிக்கைதான்.

மயிலம் தாண்டியதும் சுப்பராயலு வாயைக் கிளறினார்.

"ஏம்ப்பா, அந்தத் தீவுல எல்லா சாதியும் ஒண்ணா குந்திக்கினு துன்றாங்களாமே? நீ எப்பிடி இருந்த?"

"சேச்சே! எனக்குத் தனிச் சமையல். இவன் வெளிய கெடப்பான். ஏனம் கழுவக்கூட உள்ள வுட்டதில்ல."

சவுரிராயன் கதவுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பினாங்கில் அம்மை கண்டு சக்கரபாணி கிடந்தபோது, பக்கத்தில் அண்டாமல் எல்லாரும் ஓடினார்கள். இருபத்தோரு நாள் கஞ்சி ஊற்றியது இவர் கை. ஊருக்குப் பயந்து பொய் சொன்னால் சொல்லட்டும். ஆனால் இவ்வளவு சுளுவாகவா வரும்?

"அதான பாத்தேன்! நம்ம ரத்தமாச்சே," என்றார் சுப்பராயலு.

"நாய எங்க வெக்கணுமோ அங்கதான வெக்கணும்?"

இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. சக்கரபாணியாகவே சொன்னார்.

விழுப்புரம் வந்தது. சுப்பராயலு இறங்கினார். "போனதும் லெட்டர் போடு" என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். வண்டி நகர்ந்தது.

சக்கரபாணியின் முகமே மாறிவிட்டது. பினாங்கில் பார்த்த அதே சிரிப்பு. ஓரமாக நகர்ந்து பலகையில் இடம் விட்டார். புளிச்சோற்று மூட்டையை அவிழ்த்து, நடுவில் இலையை விரித்தார்.

"அப்பாடா! எழுந்து வாண்ணே, பக்கத்துல உக்காரு. ரெண்டு பேரும் ஒரே எலையில சாப்புடலாம். கோவமா? ஊர் வாய மூடணுமில்ல? இனிமே இன்னா பேஜாரு? நம்ம ஊரு ஆளுங்க எல்லாம் எறங்கியாச்சி."

சவுரிராயன் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஒருத்தர் எறங்கல ஆண்டே."

சக்கரபாணி இலையை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டு வண்டி முழுக்கக் கண்ணை ஓட்டினார்.

"யாரு? எங்க?"

"நீங்கதான்."