வியர்க்காத பெண்

சிஸ்டர் அந்தக் கவுனின் அக்குளை மோந்து பார்த்தாள்.

வெளுக்க வருகிற துணியை மோந்து பார்ப்பது மடத்துச் சலவைக்கூடத்தில் வழக்கம்தான். எதற்கு எந்த சோப்பு என்று மூக்குதான் சொல்லும். ஆனால் அவள் மோந்தது சோப்புக்காக அல்ல.

இந்த வாரமும் வியர்வை வாடை இல்லை.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் பல்லுக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஊரில் பாதிப் பேருக்குப் பல் செட் செய்து கொடுத்தவர். மடத்துத் தலைவி மதர் சிரிப்பதே அவர் புண்ணியத்தில்தான். பல் அச்சு எடுக்கிற வெள்ளை மாவு எப்போதும் நகத்தில் ஒட்டியிருக்கும். மனைவியைப் பறிகொடுத்து இன்னும் வருடம் திரும்பவில்லை.

"மறுபடியும் டீ கொட்டிருச்சு, சிஸ்டர்."

யார் மேல் கொட்டியது என்று சொல்லவில்லை. எந்த வாரமும் சொன்னதில்லை.

பொண்டாட்டி இல்லாத வீட்டிலிருந்து வாரம் தவறாமல் பெண்ணின் உடுப்பு வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அதுவும் சிஸ்டருக்கு. கடவுள் இருக்கிறாரா என்றே இரண்டு வருடமாகச் சந்தேகப்படுகிறவள், பல்லுக்காரரை மட்டும் சும்மா விட்டுவிடுவாளா?

தங்கையாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். அவருக்குத் தங்கையே இல்லை. பிறகு கொழுந்தியாள் என்று நினைத்தாள். கொழுந்தியாள் ஒருநாள் கவுண்டருக்கே வந்தாள். இந்த உடுப்பெல்லாம் அவளுக்கு ஒரு கைக்குக்கூடக் காணாது. போன மனைவியுடையதோ என்றால், கறை நேற்றுப் பட்ட புதுக்கறை. போனவளா வந்து டீ குடிப்பாள்?

அப்படியானால் ஒருத்தி இருக்கிறாள்.

ஒல்லியானவள். பூப்போட்டது பிடிக்கும். டீ குடிக்கும்போது புத்தி வேறெங்கோ இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவளுக்கு வியர்க்கவே வியர்க்காது. கொதிக்கிற தொட்டிகளுக்கு நடுவே முக்காடு வரை நனைந்து நிற்கிற சிஸ்டருக்கு, அந்த வியர்க்காத மகராசியை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

இஸ்திரிப் பெட்டி சுட்ட அவள் விரலுக்கு ஒருமுறை பல்லுக்காரர் மருந்து கொண்டுவந்து கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார். அந்த மருந்தையும் சந்தேகப்பட்டாள். யாருக்கு வாங்கியதில் மிச்சமோ!

இது பொறாமை என்று அவளுக்குத் தெரியும். ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது அதைக் கோபம் என்று மாற்றிச் சொன்னாள்.

கன்னியாஸ்திரியாகவே இருந்துவிடுகிறேன் என்கிற இறுதி வார்த்தைப்பாட்டை இரண்டு முறை தள்ளிப்போட்டவள், போன வாரம் மதரிடம் சரி என்று சொல்லிவிட்டாள். பல்லுக்காரருக்குத்தான் ஆள் கிடைத்துவிட்டதே, இனி யாருக்காக இழுத்தடிப்பது? சனிக்கிழமை தலைமை மடத்துக்குப் பயணம். ஞாயிறன்று சடங்கு. அதற்குப் பிறகு சாகும்வரை மடம்தான். இந்தக் கவுண்டருக்கு வேறொரு சிஸ்டர் வருவாள்.

மதருக்குப் பல்லைச் சரிசெய்ய வந்த இடத்தில் இந்தச் செய்தி பல்லுக்காரர் காதிலும் விழுந்திருக்கிறது.

இன்றைக்குக் கறை வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு கோப்பை சிந்திய மாதிரி இல்லை; ஒரு பாத்திரத்தையே கவிழ்த்த மாதிரி இருந்தது.

கடைசியாக ஒருமுறை அந்த மகராசியின் லட்சணத்தைப் பார்த்துவிடுவோம் என்று கவுனைப் புரட்டினாள். கழுத்தில் அழுக்கில்லை. வெகுநாள் பெட்டியில் கிடந்த துணிக்கு வருகிற மடிப்புக்கோடு, கறைக்கு நடுவில் கலையாமல் ஓடியது.

கவுனின் இடது கையை உள்பக்கம் திருப்பினாள். மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் ஒரு தையல். தடித்த வெள்ளை நூல். கோணல்மாணலான தையல்.

அது அவள் போட்ட தையல்.

அப்போது அவள் மடத்து ஆஸ்பத்திரி வார்டில் இருந்தாள். ஊசி ஏற்ற வழியில்லாமல் ஒரு நோயாளியின் கவுன் கையைத் தோள்வரை வெட்டியவள் அவள்தான். மறுநாள் அந்தப் பெண் போய்விட்டாள். ஜெபம் சொல்லச் சொன்னார்கள். சிஸ்டருக்கு வாய் வரவில்லை. வேறென்ன செய்வது என்று தெரியாமல், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிய கையைத் தைத்தாள். வந்தவர்களெல்லாம் கடவுள் சித்தம், கடவுள் சித்தம் என்று சொல்லிவிட்டுப் போக, ஒன்றும் சொல்லாமல் தைத்துக்கொண்டிருந்தவளைப் புருஷன்காரரான இந்தப் பல்லுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். தைத்ததை மடித்து அவர் கையில் கொடுத்தாள். அதோடு வார்டு வேண்டாம் என்று சலவைக்கூடத்துக்கு மாறி வந்தவள்தான்.

இத்தனை வாரமும் எவளும் எதையும் உடுத்தவில்லை.

மனைவியின் உடுப்பை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து எடுத்து, மேசையில் விரித்து, தன் கையாலேயே டீயை ஊற்றி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷர். ஊற்ற மனசில்லாமல் இதை மட்டும் கடைசிவரை வைத்திருந்திருக்கிறார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் நகத்து மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. சிஸ்டருக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. உள்ளறையில் மதர் செருமும் சத்தம் கேட்டதால் இரண்டையும் விழுங்கினாள்.

கவுனைத் தைத்த கை மேலே வரும்படி மடித்தாள். கவுண்டர் மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இனிமே அவங்க துணில ஊத்தாதீங்க. அடுத்த திங்கக்கிழமையும் நான் இங்கதான் இருப்பேன், உங்க சட்டையில ஊத்திட்டு வாங்க. கொஞ்சமா ஊத்தினா போதும்."