நூறு பிரதி

"இரண்டாவது ஸ்டென்சிலும் போச்சோ, றோஸ்?"

ஜெபரட்ணம் மாஸ்ரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடுதாசிக்கே தட்டுப்பாடான காலம். யாழ்ப்பாண பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டச்சு மெஷினையும் பிரதியெடுக்கிற ஒரு றோணியோவையும் வைத்துக்கொண்டு அவர் படுகிற பாடு அவருக்குத்தான் தெரியும். ஓர் எழுத்துப் பிசகாமல் அடிக்கிற பிள்ளை, இன்றைக்கென்று பார்த்து ஓங்கி ஓங்கி அடித்து மெழுகுத்தாள் ஸ்டென்சிலைக் கிழிக்கிறாள்.

அதுவும் ஒரு மரண அறிவித்தலுக்கு. கொண்டுவந்த மனிதர் வாங்கில் பலகையில் விறைத்துப்போய் இருந்தார். கோப்பாய் நடராசாவாம். நேற்றுப் பின்னேரம் தகப்பன் இளையதம்பி போய்விட்டாராம்.

"நூறு பிரதி. கெதியா அடிக்கச் சொல்லுங்கோ, மாஸ்ரர்."

கைக்கெட்டுகிற தூரத்தில் றோஸ் இருக்கிறாள். அவளிடம் நேரே சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? வந்ததிலிருந்து மனிதர் அவள் பக்கம் திரும்பவேயில்லை. எதையும் மாஸ்ரரிடம்தான் சொன்னார். தலைக்கனம் பிடித்த சரியான எடுப்புக்காரன் என்று மாஸ்ரர் நினைத்துக்கொண்டார்.

ஒருவழியாக அடித்து முடிந்த ஸ்டென்சிலை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

"'நடராசா, பத்மாசினி, தங்கமுத்து ஆகியோரின் அன்புத் தந்தையும்...' ஆர் பிள்ளை உந்தப் பத்மாசினி? இவர் எழுதித் தந்ததிலை அப்பிடியொரு பேர் இல்லையே?"

றோஸ் மெஷினில் குனிந்துகொண்டாள்.

"அந்தப் பேரை எடுக்கச் சொல்லுங்கோ" என்றார் நடராசா.

அப்போதுதான் மாஸ்ரர் றோஸின் முகத்தைப் பார்த்தார். கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"அது என்ரை பழைய பேர், மாஸ்ரர்."

குருநகர்ப் பொடியனைக் கட்டி கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினவள் என்று அவருக்குத் தெரியும். வீட்டார் தலைமுழுகிவிட்டார்கள் என்பதும் தெரியும். எந்த வீடு என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

மாஸ்ரர் நடராசாவின் பக்கம் திரும்பினார்.

"நீரும் ஒரு மனிசனோ? தகப்பன் செத்ததை அவளின்ரை கையாலையே அடிப்பிச்சு, அவளின்ரை பேரை அவளைக்கொண்டே அழிப்பிக்கிறீரே! கூடப்பிறந்தவள் எல்லோ?"

நடராசா நிலத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"பிரேதம் இண்டைக்கு நாலு மணிக்கு எடுக்கினம். அதுக்கு முதல் பொம்பிளையள் வாய்க்கரிசி போட வேணும். நேரம் சரியா விழுந்திருக்கோ எண்டு ஒருக்காச் சத்தமா வாசிக்கச் சொல்லுங்கோ."

றோஸ் வாசித்தாள். குரல் உடைந்து உடைந்து வந்தது. பிறகு, பிழை திருத்துகிற சிவப்புத் திரவத்தைத் தூரிகையில் தொட்டுத் தன் பெயரைத் தானே பூசி மூடினாள்.

"மாஸ்ரர், நான் போகட்டோ?"

"ஓடு பிள்ளை. மிச்சத்தை நான் பாக்கிறன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பாய் பஸ்ஸுக்கு ஓடினாள்.

மாஸ்ரர் அந்த மனிதரின் முகத்தில் முழிக்கப் பிடிக்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு றோணியோவைச் சுற்றினார். நூறு பிரதியையும் கட்டி வைத்துவிட்டு நிமிர்ந்தால் வாங்கிலில் ஆளைக் காணவில்லை. வாசலில் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார். மாஸ்ரர் கட்டோடு ஓடினார்.

"நில்லும்! நோட்டீசை விட்டிட்டுப் போறீர்!"

"அது தேவையில்லை, மாஸ்ரர். ராத்திரியே வேறை இடத்திலை அடிச்சு ஊர் முழுக்கக் குடுத்தாச்சு."

நடராசா கோப்பாய் பஸ் போன திசையைப் பார்த்தார்.

"அவளோடை ஒரு சொல்லும் கதைக்கிறதில்லையெண்டு ஐயாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தனான். நான் வேறை எப்பிடி மாஸ்ரர் அவளுக்குச் சொல்லுறது?"