மன்னருக்கு மெடிக்கல் லீவு

ஏழாம் அறைக்குக் காவலர் தேவையில்லை என்று அருங்காட்சியகத்தின் வருகைப்பதிவு இயந்திரம் ஒரு திங்கட்கிழமை முடிவு செய்துவிட்டது. அங்கே ஏற்கெனவே ஒருவர் பணியில் இருக்கிறாராம். அந்த ஒருவர், செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட மன்னரின் படம். டீ குடிக்கப் போவதில்லை. கேமரா தேடும்போதெல்லாம் முகத்தைக் காட்டுகிறார்.

பத்தொன்பது வருடமாக அந்தப் படத்துக்குக் காவல் நின்ற சவரிமுத்து, கண்காணிப்பாளர் சுகந்தியிடம் ஓடினார்.

"மேடம், அது வெறும் படம்னு சொல்லுங்க மேடம்."

"சொல்லிப் பாத்துட்டேன் சவரிமுத்து. உங்களவிட அவருக்கு அட்டெண்டன்ஸ் நல்லாருக்காம்."

"அப்ப என் வேலை?"

சுகந்தி யோசித்தார். "அவரு லீவு போட்டா எடம் காலியாகும்ல?"

இருவரும் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார்கள். 'எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்' என்று தொடங்கி, 'இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று மன்னர் பெயரில் முடித்தார்கள். உயிரோடு இருந்தபோது யாருக்கும் அப்படி எழுதியிராத மனிதர். பிறகு படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினார்கள்.

இயந்திரம் உடனே இரங்கியது. மன்னர் விரைவில் நலம்பெற வாழ்த்தியது. அவர் பணிக்குத் திரும்பும்வரை அவருக்குப் பதிலாகச் சவரிமுத்துவைத் தற்காலிகமாக நியமித்தது.

மறுநாள் படம் பார்க்க வந்த குடும்பத்திடம், "ராஜாவுக்கு உடம்பு சரியில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டு, சவரிமுத்து படச்சட்டத்தின் முதுகைப் பதமாகத் துடைத்தார்.

"அவசரமே இல்ல ராஜா," என்றார். "நல்லா ரெஸ்ட் எடுங்க."