பச்சை பெஞ்சு

"இது என்ன ஊர் மேயர் ஐயா? மனுஷங்க இருக்கிற ஊரா இது?"

மேயர் ரெமோன் கிண்ணத்துக் காபியில் ரொட்டியை முக்கியபடியே நிமிர்ந்தார். மே முதல் தேதி, ஊருக்கே விடுமுறை. அன்றைக்கும் விடியற்காலையில் மேயர் வீட்டுக் கதவை இடிக்க ஒரு ஆள் வந்தாயிற்று. வாசலில் காபிக் கடை மிரேய், முகம் சிவக்க நின்றாள்.

"முதல்ல உள்ள வாங்க மதாம். ஒரு காபி..."

"எனக்குக் காபியா? ஊருக்கே நான்தான் ஊத்துறேன்! ராத்திரி உங்க ஊர்ப் பிள்ளைங்க என்ன பண்ணியிருக்காங்கன்னு தெரியுமா? இதைவிட ஒருத்தியை அவமானப்படுத்த முடியுமா?"

ரெமோன் பயந்தது நடந்தேவிட்டது.

ஏப்ரல் கடைசி ராத்திரி ஊர் இளவட்டங்கள் வீடு வீடாகப் போய், வாசலில் கட்டிப்போடாத எதையும் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போய் சர்ச் முன்னால் குவித்துவிடுவார்கள். காலையில் அவரவர் பொருளைத் தேடிப் பொறுக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே வீடு திரும்ப வேண்டியது. அவருடைய தாத்தா காலத்துக்கும் முந்திய வழக்கம். ஆனால் சில வருடங்களுக்கு முன் பாரிஸிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம் இதற்குப் போய் போலீஸைக் கூப்பிட்டது. அந்தக் கோடையிலேயே வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பியும் போனது. அந்தக் கதை மறுபடி வேண்டாம் என்றுதான், அப்புறம் வருஷா வருஷம் பிள்ளைகளைக் கூப்பிட்டு, வெளியூர்க்காரர் வீட்டில் கை வைக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டால்தானே!

"என்னென்ன சாமான் மதாம்?"

"பச்சை பெஞ்சு. தள்ளுவண்டி. ரெண்டு பூந்தொட்டி. எல்லாம் வாசல்லதான் வெச்சிருந்தேன்."

"கட்டிப்போடலையா?"

"எதுக்குக் கட்டணும்? கேட்டைக்கூடப் பூட்டலை!"

பாவம், லியோன் நகரத்துக்காரி, அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க. வெளியூர்லேர்ந்து வந்தவங்களுக்கு இதெல்லாம் கொஞ்சம் கஷ்டமாத்தான்..."

"வெளியூர்!" மிரேய் கத்திய கத்தலில் மேசைக்கடியில் படுத்திருந்த நாய் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டது. "போதும் ஐயா. கடையையும் வீட்டையும் வித்துட்டுப் போறேன். இன்னிக்கே போர்டு மாட்டுறேன். நம்பலைன்னா நீங்களே வந்து என் வீட்டு வாசலைப் பாருங்க!"

விறுவிறுவென்று போய்விட்டாள். ரெமோன் ரொட்டியைக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டு எழுந்தார். பூட்டிக் கிடந்த காபிக் கடையை மூன்று வருடம் முன்பு திறந்தவள் அவள். அவள் போனால் ஊர்ச் சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஒரு சாவு விழ வேண்டும்.

தொப்பியை மாட்டிக்கொண்டு சர்ச் வாசலுக்கு ஓடினார். அங்கே திருவிழாக் கூட்டம். "என் கோழிக்கூண்டு எப்படிய்யா மரத்து மேல ஏறுச்சு?" என்று ஒருவர் ஏணியைத் தேடிக்கொண்டிருந்தார். ரெமோனின் சொந்தத் தபால்பெட்டியே ஒரு குளியல் தொட்டிக்குள் கிடந்தது. குவியலைத் தலைகீழாகப் புரட்டினார். பச்சை பெஞ்சு இல்லை.

இளவட்டங்களுக்குத் தலைவி கசாப்புக் கடைக்காரர் மகள் மனோன், தூக்கக் கலக்கத்தோடு இளித்துக்கொண்டு நின்றாள்.

"மிரேய் மதாம் சாமான் எங்கடி?"

"அவங்க வீட்டுப் பக்கமே நாங்க போகலையே மாமா."

"பொய் சொன்னே, தோலை உரிச்சிடுவேன்!"

"சத்தியமா மாமா! நீங்கதான் அவ்ளோ சொன்னீங்களே!"

ரெமோனுக்கு ரத்தம் தலைக்கேறியது. இவர்கள் எடுக்கவில்லை என்றால் நிஜத் திருடன் வந்திருக்கிறான். தன் ஊரில், இந்த ராத்திரியில், நல்ல வழக்கத்தின் முதுகில் ஏறிக்கொண்டு ஒரு களவாணி! அதுவும் நம்பி வந்த ஒருத்தி வீட்டில்! அவன் கையில் கிடைத்தால் தானே கட்டிவைத்து உதைப்பது என்று தீர்மானித்துக்கொண்டார்.

"வாடி என்கூட. ராத்திரி பூராத் தெருத்தெருவா அலைஞ்சீங்களே, எவனைப் பார்த்தீங்கன்னு வந்து சொல்லு. போலீஸைக் கூப்பிடறேன்."

மிரேய் வீட்டுச் சந்துக்குள் திரும்பியதும் இருவரும் நின்றுவிட்டார்கள்.

பச்சை பெஞ்சு இருந்தது. சுவரோரமாக அல்ல, தெருவோரம் வரைக்கும் இழுத்துப் போடப்பட்டு, புதுப் பெயிண்ட் பளபளக்க. பக்கத்தில் தள்ளுவண்டி, கைப்பிடிகள் தெருப் பக்கம் நீட்டிக்கொண்டு. அதற்குள்ளேயே ரெண்டு பூந்தொட்டிகளும் தயாராக. கேட் விரியத் திறந்து கிடந்தது. படியில் மிரேய் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மதாம் இது?" ரெமோன் வெடித்தார். "எல்லாம் இங்கேயேதானே இருக்கு!"

"அதைத்தானே ஐயா விடிஞ்சதுலேர்ந்து கத்துறேன்!" மிரேயின் குரல் உடைந்தது. "ஊர்ல ஒரு வீடு பாக்கியில்லை. பாதிரியார் வீட்டுத் துடைப்பத்தைக்கூட விடலை. மூணு வருஷம் ஆச்சு, என் வீட்டு வாசல்ல ஒரு பூந்தொட்டியைத் தூக்கிட்டுப் போகக்கூட நான் இன்னும் இந்த ஊர்க்காரி ஆகலையா?"

ரெமோன் தொப்பியைக் கழற்றினார்.

மனோன்தான் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தபடி கேட்டாள்: "தொடக் கூடாதுன்னு நீங்க சொன்னதாலதானே விட்டோம். இப்பத் தூக்கலாமா மாமா?"