விசாரிக்க வந்தவர்

வெள்ளை வேட்டிக்காரர் காரிலிருந்து இறங்கியதுமே மலையாண்டி சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆள் வந்தாயிற்று. மகள் திவ்யாவைப் பெண் கேட்டிருக்கும் கப்பலூர் லேத் பட்டறைக்காரர்கள், இன்று உசிலம்பட்டிக்கு ஆள் அனுப்பி அக்கம்பக்கத்தில் விசாரிக்கப் போவதாகத் தரகர் ரகசியமாகச் சொல்லியிருந்தார்.

ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் மனைவி முனீஸ்வரி முகத்தில் விழிக்க முடியாது. விசாரிக்க வருகிறவர் எப்படியும் தெருமுனையில் இருக்கும் பேயாண்டியின் டீக்கடையில்தான் முதலில் நிற்பார் என்று கணக்குப் போட்டு, காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

வேட்டிக்காரர் டீ சொல்லிவிட்டு எதிர் பெஞ்சில் அமர்ந்தார். அவருக்கு முன்பே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் ஒரு பயல். தலையில் செம்புநிறச் சாயம், காதில் கடுக்கன், முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ், நகமெல்லாம் கிரீஸ். இரண்டு டீ குடித்தும் எழுந்து போகிற வழியைக் காணோம். மலையாண்டி முகத்தைச் சுளித்தார். ஆனால் தன் வீட்டு ஒழுக்கத்தை ஊரறியக் காட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்றும் தோன்றியது.

"பேயாண்டி, இந்தக் கோலத்துக்கு என்ன பேரு தெரியுமா? புள்ளிங்கோ" என்று வேட்டிக்காரர் காதில் விழும்படி ஆரம்பித்தார். அது நம்ம ஊர் வார்த்தையே இல்லை. நாம் புள்ளைக என்பதை மெட்ராஸ்காரன் அப்படி இழுப்பான். முதலில் கூட்டாளிகளைக் கூப்பிட்ட பேர், இப்போது தலைக்குப் பெயிண்ட் அடித்துத் திரிகிற தறுதலைகளுக்கெல்லாம் பட்டமாகிவிட்டது என்று பிரசங்கமே செய்தார்.

பேயாண்டி இரண்டு தடவை இருமினார். மலையாண்டி கண்டுகொள்ளவில்லை. வேட்டிக்காரர் வேறு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பயல் மூன்றாவது டீயை ஊதியபடி கேட்டான். "பாசமாக் கூப்புட்ட பேருதானங்கய்யா? அதுல என்ன தப்பு?"

"பேர்ல தப்பில்லடா. உன்னையெல்லாம் வளத்து விட்டாய்ங்க பாரு, அவய்ங்களச் சொல்லணும். எம் மக இருக்குற தெருவுல உன்ன மாதிரி ஒருத்தன் கால வைக்கட்டும் பாப்போம்."

பயல் மீதி டீயைக் குடிக்காமல் கீழே ஊற்றினான்.

வேட்டிக்காரர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மலையாண்டியும் கூடவே எழுந்து, வீடு பக்கத்தில்தான், ஒரு எட்டு வந்து காப்பி சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று குழைந்தார்.

வேட்டிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதேங்க. மாடு வாங்க வந்தேன், சந்தைக்கு இப்படித்தானே போகணும்?"

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. மலையாண்டி அசடு வழியத் திரும்பினார். செம்புத்தலைப் பயல் பைக்கில் சாய்ந்து போன் பேசிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, விசாரிச்சிட்டேன். இந்த எடம் நமக்கு வேணாம்."