ஊஞ்சல் கொக்கி

அவள் கண் ஊஞ்சலில் இல்லை. அதற்கு மேலே இருந்தது.

நான்கு பித்தளைச் சங்கிலிகள். அவை போய் மறையும் இடத்தில், கான்கிரீட்டை மறைத்து வெள்ளை வெளேரென்று ஃபால்ஸ் சீலிங். இந்த வீட்டின் இன்டீரியர் டிசைனர் அவள்தான். சீலிங் அவள் வரைந்தது. உள்ளே கொக்கிகள் எதில் நிற்கின்றன என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

கான்கிரீட்டில் துளை போட்டு இறக்கியிருக்க வேண்டும். மூடுவதற்கு முன்னால் அவள் ஏணி ஏறிப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு வேறொரு வீட்டில் டைல்ஸ் தகராறு. சீலிங் போடுகிறவர் போன் செய்தார்.

"மூடிரட்டுங்களா மேடம்?"

மூடச் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்காரி பிரதீபா கேட்டபோது, நானே பார்த்தேன் என்றும் சொல்லிவிட்டாள். சொல்வதற்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது?

நேற்று, அதே ஆள் சீலிங் போட்ட இன்னொரு வீட்டில் சரவிளக்கு விழுந்தது. நல்லவேளை, கீழே வெறும் சோபாதான். பிரித்துப் பார்த்தார்கள். கொக்கி சீலிங்கின் தகரச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கான்கிரீட்டைத் தொடவே இல்லை.



உடனே போன் செய்திருக்கலாம். ஆனால் இந்த வீட்டைப் பார்த்துத்தான் அடுத்த வேலைகள் வந்துகொண்டிருந்தன. இன்று பிரதீபாவுக்கு வளைகாப்பு. எப்படியும் அழைத்திருக்கிறார்கள், தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்தாள்.

வந்து பார்த்தால் ஊஞ்சலுக்குப் பூச்சுற்றியிருந்தது.

அறையிலிருந்து பிரதீபாவை அழைத்து வந்தார்கள். பட்டுப்புடவை. மேடிட்ட வயிறு. நேராக ஊஞ்சலுக்கு.

அவள் குறுக்கே போய் நின்றாள்.

"முதல்ல நான் உக்கார்றேன்."

கூட்டம் சிரித்தது. ஆசையைப் பார் என்றது ஒரு குரல்.

உட்கார்ந்தாள். கால்களைத் தரையிலிருந்து எடுத்தாள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருமுறை ஆடினாள்.

ஒன்றும் ஆகவில்லை.

யாரோ கைதட்டினார்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது. அப்பாடா, இனி யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம்.

புடவையைச் சரிசெய்யக் குனிந்தாள்.

மடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள்.

"எறங்குங்க கண்ணு, நல்ல நேரம் போகுது" என்றார் பிரதீபாவின் மாமியார்.

அவள் இறங்கவில்லை. பலகையின் நடுவுக்கு நகர்ந்து சங்கிலிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் இருக்கும்வரை வேறு யாரும் உட்கார முடியாது.

"கொக்கிய நான் பாக்கலீங்க" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "பாத்தேன்னு பொய் சொல்லிட்டேன். இது விழுந்துரும். யாரும் உக்காராதீங்க."

ஓடிக்கொண்டிருந்த வளைகாப்புப் பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

பிரதீபா மேலே பார்த்தாள். பிறகு தன் வயிற்றைப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

தீர்ந்தது, இனி இந்த ஊரில் யார் வேலை கொடுப்பார்கள் என்று அவள் நினைத்தாள். எந்தத் திட்டு வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தலையைக் குனிந்துகொண்டாள். மடியில் இன்னும் கொஞ்சம் தூள் விழுந்தது.

வளையல் ஏற வேண்டிய கையை பிரதீபா அவளை நோக்கி நீட்டினாள்.

"முதல்ல நீங்க எந்திரிச்சு வாங்கக்கா."